முட்டையும் தீட்டும்

(தென்காசியில் பெண்கள் பெருவாரியாகக் கூடியிருந்த ஒரு மாலைக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



உணவும் மூடநம்பிக்கையும் என்பதைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். அது ஒரு கூட்டத்தில் பேசித் தீர்க்கக்கூடிய விஷயமல்ல. எதைத் தின்னலாம், எதைத் தின்னக்கூடாது, யார் சமைக்கலாம், யார் பரிமாறலாம், யார் பக்கத்தில் யார் உட்காரலாம் என்று ஆரம்பித்தால் பொழுது விடிந்துவிடும். ஆனதினால் ஒரே ஒரு பண்டத்தை மாத்திரம் எடுத்துக்கொள்ளுகிறேன். அது முட்டை. முட்டைக்கு ஒரு பொதுக்கூட்டமா என்று பின்வரிசையில் சிரிக்கிறார்கள். தாராளமாய்ச் சிரியுங்கள். ஆனால் இந்தச் சின்ன முட்டையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா கூடாதா என்று இந்த நாட்டில் மந்திரிகளும் மடாதிபதிகளும் சண்டை போட்டிருக்கிறார்கள் என்பதைக் கேட்டால் சிரிப்பு நின்றுவிடும்.

முதலில் நம்முடைய பேச்சையே பாருங்கள். பரீட்சையில் ஒன்றும் எழுதாத பையனைப் பார்த்து "முட்டை வாங்கினாயா?" என்று கேட்கிறோம். மூளையில்லாதவனைக் "கூமுட்டை" என்கிறோம். அது கூழ்முட்டை, அடைவைத்தும் குஞ்சு பொரிக்காமல் உள்ளே கூழாகிப்போன முட்டை. பெரிய கண் உடைய பெண்ணை "முட்டைக்கண்ணி" என்று கேலி செய்கிறோம். ஒரு காரியத்தை முடிக்காமல் வைத்துக்கொண்டிருப்பவனை "அடைகாக்கிறான்" என்கிறோம். ஆகக்கூடி, முட்டை என்றாலே ஒன்றுமில்லாதது, அசட்டுத்தனம், சோம்பல் என்று ஆக்கி வைத்திருக்கிறோம். வெள்ளைக்காரன் மட்டும் என்ன யோக்கியம்? கிரிக்கெட் ஆட்டத்தில் ஓட்டம் எடுக்காமல் வெளியே போகிறவனை 'டக்' என்கிறானே, அதுவும் வாத்து முட்டையிலிருந்து வந்ததுதான். எல்லாம் வடிவத்தால் வந்த வினை. பூஜ்யத்தைப் போல் உருண்டையாய் இருந்து தொலைத்தது, அவ்வளவே.

ஆனால் இதில் ஒரு வேடிக்கை இருக்கின்றது. ஒன்றுமில்லாததற்கு இன்னொரு பெயர் 'பூஜ்யம்'. அந்தச் சொல்லுக்குப் பூஜிக்கத்தக்கது என்றும் பொருள். சன்னியாசிகளுக்கும் சங்கராச்சாரிகளுக்கும் பேருக்கு முன்னால் 'பூஜ்யஸ்ரீ' என்று போடுகிறார்கள். பையன் வாங்கினால் வெட்கம், சாமியார் வாங்கினால் பட்டம்! இதற்கு நான் வியாக்கியானம் சொல்ல வேண்டியதில்லை.

இன்னும் கேளுங்கள். முட்டையைத் தொட்டால் தீட்டு என்கிற ஆசாரக்காரர்களின் சாஸ்திரத்திலே உலகமே ஒரு முட்டை. 'அண்டம்' என்றால் முட்டை. 'பிரம்மாண்டம்' என்றால் பிரம்மாவின் முட்டை. கோவிலில் நின்று "அண்டசராசரமெல்லாம் காப்பவனே" என்று உருகுகிறவர் முட்டையைத்தான் சொல்லுகிறார். அதுவாவது போகட்டும். பார்ப்பனர்கள் தங்களைத் 'துவிஜர்' என்று சொல்லிக்கொள்ளுகிறார்கள். அதாவது இருபிறப்பாளர், தாய் வயிற்றில் ஒரு பிறப்பு, பூணூல் போடும்போது இன்னொரு பிறப்பு. அதே 'துவிஜ' என்னும் சொல் வடமொழியில் பறவைக்கும் பெயராக இருக்கின்றது. ஏனெனில் பறவை முதலில் முட்டையாகப் பிறந்து, பிறகு ஓட்டை உடைத்துக்கொண்டு குஞ்சாகப் பிறக்கிறது. இதில் பறவையின் இரண்டு பிறப்பையும் நாம் கண்ணால் பார்க்கிறோம். மற்றவருடைய இரண்டாவது பிறப்புக்குப் புரோகிதர்தான் சாட்சி!

மனுதர்ம சாஸ்திரத்தின் 5வது அத்தியாயத்தில் துவிஜர்கள் அறிந்தே தின்றால் ஜாதியை விட்டு விழுந்துவிடுவார்கள் என்று ஒரு ஜாபிதா போட்டிருக்கின்றது. அதில் ஊர்க்கோழி இருக்கின்றது, மெய்தான். அதே வரியில் வெங்காயமும் பூண்டும் காளானும் இருக்கின்றன. இன்றைக்கு வெங்காய சாம்பார் இல்லாத 'சுத்த சைவ' ஓட்டல் எங்கேயாவது உண்டா? சாஸ்திரத்தில் பாதி சௌகரியத்துக்காகத் தள்ளப்பட்டு, மீதிப் பாதி அடுத்தவனை இழிவுபடுத்துவதற்காக வைத்துக்கொள்ளப்பட்டிருக்கின்றது என்பது என் அபிப்பிராயம். 'சுத்த சைவம்' என்ற பலகையில் இருக்கும் 'சுத்த' என்பதுதான் விஷம். அவர் சுத்தம் என்றால் மற்றவர் என்ன? சைவம் என்பது ஒரு சமயத்தின் பெயர். அது எப்படிக் கத்திரிக்காய்க்குப் பெயராயிற்று என்று யாராவது கேட்டோமா? அந்த ஓட்டலிலேயே முட்டைக்கோஸ் பொரியல் வைக்கிறார்கள். பெயரில் முட்டை இருந்தும் அதற்கு யாதொரு தீட்டும் இல்லை.

ஒரு பெரியவர், "கோழி முந்தியா முட்டை முந்தியா என்பதற்கே பதில் சொல்ல முடியாத நீங்கள் கடவுளைப் பற்றிப் பேசலாமா?" என்று கேட்பார். பதில் இருக்கின்றது ஐயா. முட்டைதான் முந்தியது. கோழி என்ற இனம் தோன்றுவதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே மீனும் தவளையும் பல்லி இனமும் முட்டையிட்டுக்கொண்டிருந்தன. பறவைகள் டைனோசர் வம்சத்திலிருந்து வந்தவை, அவையும் முட்டையிட்டவைதான். வீட்டுக்கோழி தென்கிழக்காசியாவின் செங்காட்டுக்கோழியிலிருந்து வந்தது. ஆனால் பல வீட்டுக்கோழிகளுக்கு இருக்கும் மஞ்சள் தோல் மாத்திரம் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து கலந்தது என்று 2008 இல் ஆராய்ச்சிக்காரர்கள் கண்டு சொன்னார்கள். அந்தச் சாம்பல் காட்டுக்கோழி வேறெங்கும் இல்லை, நம் தீபகற்பத்தில்தான் உண்டு. இதோ குற்றால மலைக்காட்டில் காலையில் கூவுகிறதே, அதுதான். (அதைப் பிடிக்கப் போய்விடாதீர்கள். 1972 ஆம் வருஷத்துச் சட்டப்படி ஜெயில்.)

குற்றாலம் என்றதும் ஞாபகம் வருகின்றது. குற்றாலநாதரைப் புகழ்ந்து பாடிய குற்றாலக் குறவஞ்சியில் சிங்கனுக்கு என்ன வேலை? கண்ணி வைத்துப் பறவை பிடிப்பது. அந்தப் பாட்டைக் கேட்டுக் குற்றாலநாதர் கோபித்துக்கொண்டதாக எங்கும் இல்லை. புலவருக்கு இல்லாத தீட்டு இன்றைக்கு முட்டைக்கு எங்கிருந்து வந்தது?

சீசன் காலத்தில் பார்க்கிறீர்கள். சாரல் விழ ஆரம்பித்தால் எங்கிருந்தெல்லாமோ ஜனங்கள் வருகிறார்கள். பேரருவியிலும் ஐந்தருவியிலும் பாவம் போகிறதென்று தலையைக் கொடுக்கிறார்கள். தலை ஈரம் காயுமுன் பிரானூர் பார்டரில் போய் இறங்கி, பரோட்டா, கோழி, ஆம்லெட், முட்டை போட்டுக் கொத்தியது என்று சாப்பிடுகிறார்கள். 1956 நவம்பர் 1 இல் செங்கோட்டை நம் ராஜ்யத்தோடு சேர்ந்து திருவாங்கூர் எல்லை அங்கிருந்து போயே போய்விட்டது; ஆனால் 'பார்டர்' என்ற பேர் பரோட்டாக் கல்லில் நிலைத்துவிட்டது. அவர்கள் சாப்பிடுவதில் எனக்குச் சந்தோஷமே. குளிர்ந்த தண்ணீரில் நின்றால் பசிக்கத்தான் செய்யும். ஆனால் கவனித்துப் பாருங்கள். ஆண்கள் சாப்பிடுகிறார்கள், பையன்கள் சாப்பிடுகிறார்கள். அந்த அம்மாள், "எனக்கு வேண்டாங்க, இன்னைக்கு வெள்ளிக்கிழமை" என்று ஒரு சாயாவைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அருவியில் அவர் கழுவிய பாவம் என்ன, இவர்கள் கழுவிய பாவம் என்ன?

இதுதான் நான் இன்று முக்கியமாகச் சொல்ல வந்தது. ஆசாரம் என்று வீட்டுக்கு வருவதெல்லாம் கடைசியில் பெண்கள் தட்டில்தான் போய் விழுகின்றது. ஒரு கணக்குப் போடுங்கள். செவ்வாய், வெள்ளி, சனி மூன்று கிழமை. வருஷத்துக்கு 156 நாள். புரட்டாசியில் மிச்சமுள்ள கிழமைகள் ஒரு 18. அமாவாசை, கிருத்திகை என்று மேற்கொண்டு ஒரு பத்துப் பன்னிரண்டு. 365 நாளில் சரிபாதிக்கு மேல் போயிற்று. இதில் ஆண்பிள்ளைகள் வெளியே கடையில் சாப்பிட்டுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வந்துவிடலாம். யார் கேட்பது? விரதத்தை வீட்டிலிருந்து காப்பாற்றுகிறவள் பெண். காப்பாற்றாத மீதி நாளிலாவது அவளுக்குக் கிடைக்கிறதா? வீட்டில் நாலு முட்டை வாங்கிக் குழம்பு வைத்தால் அப்பாவுக்கு ஒன்று, பையனுக்கு ஒன்று, தாத்தாவுக்கு ஒன்று. கடைசி முட்டையை நூல் போட்டு இரண்டாக அறுத்து, ஒரு பாதி மகளுக்கு; அதுவும் பையன் "இன்னும்" என்று கேட்காமல் இருந்தால். கேட்டுவிட்டால் "ஏட்டி, நீ குழம்பை ஊத்திக்கோ, அண்ணன் வெளிய அலையிறவன்லா" என்கிறோம். அலைகிறவன் அண்ணன், காலையிலிருந்து விளக்கு வைக்கும் வரை பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு முதுகு ஒடிய இலை சுருட்டுகிறவள் சும்மா இருக்கிறவள்! அம்மாவுக்கு என்ன என்று நான் கேட்கவேயில்லை பார்த்தீர்களா? நீங்களும் கேட்கவில்லை. அம்மாவுக்கு முட்டை ஒட்டியிருந்த சட்டி.

இன்னும் கொடுமை, அந்தக் கோழியை வளர்த்தவளும் அவளே. முட்டையை விற்றுச் சிறுவாடு சேர்த்து, அதில் பையனுக்கு நோட்டு வாங்கிக் கொடுக்கிறாள். முட்டையிடுகிற கோழிக்குத்தான் வருத்தம் தெரியும் என்று ஒரு பழமொழி வைத்திருக்கிறோமே, அது கோழிக்காகச் சொன்னதா?

நிற்க, இந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெண் வயதுக்கு வந்தால் தனியாக உட்கார வைத்து, விடியற்காலையில் நாட்டுக்கோழி முட்டையை உடைத்துப் பச்சையாக வாயில் ஊற்றி, அந்த ஓட்டாலேயே நல்லெண்ணெய் அளந்து ஊற்றுகிறார்கள். உளுந்தங்களியும் கொடுக்கிறார்கள். எதற்கு? இடுப்புக்குப் பலம் என்கிறீர்கள். ஆக, முட்டை பலம் தரும் என்பது நம் பாட்டிமாருக்குத் தெரிந்தேயிருக்கின்றது. புஸ்தகம் படித்தா தெரிந்துகொண்டார்கள்? ஆனால் அந்தப் புத்தி ஏழு நாளோ ஒன்பது நாளோதான் வேலை செய்கிறது. தீட்டுக் கழித்ததும் முட்டையையும் கழித்துவிடுகிறோம். அவள் தீட்டாக இருக்கும்போது தின்னலாம், சுத்தமானதும் தின்னக்கூடாது! முட்டைக்கும் தீட்டு, பெண்ணுக்கும் தீட்டு. இரண்டையும் ஒரே மூலையில் உட்கார வைத்தார்கள் என்பதைத் தவிர இதில் வேறு என்ன ஞாயம் இருக்கின்றது? அந்தப் பெண்ணுக்கு அந்த ஒன்பது நாளில் மட்டுந்தானா எலும்பு வளர்கிறது?

கொடுப்பதையும் சரியாகக் கொடுக்க வேண்டும். பச்சை முட்டைக்குப் பலம் அதிகம் என்பது வெறும் நம்பிக்கை. சோதித்துப் பார்த்ததில், வேகவைத்த முட்டையின் புரதத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு உடம்பில் சேர்கிறது. பச்சையில் பாதி சேர்ந்தால் அதிகம். அன்றியும் பச்சை வெள்ளைக்கருவில் உள்ள ஒரு சத்து, பயோட்டின் என்ற வைட்டமினைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்புக்குக் கொடுக்காது. வேகவைத்தால் அந்தத் தடை போய்விடும். சால்மோனெல்லா என்ற கிருமியும் வேகாத முட்டையில் வரக்கூடும். அந்தப் பெண் குமட்டிக்கொண்டு அழுகிறாளே, அவள் சொல்லுவதுதான் சரி. அவித்துக் கொடுங்கள். பழுப்பு ஓடு உசத்தி, வெள்ளை ஓடு மட்டம் என்பதும் இல்லை. நிறம் கோழி ஜாதியைப் பொறுத்தது. மனிதனில் இல்லாத நிற பேதம் முட்டையில் மட்டும் எதற்கு? முட்டை நல்லதா என்று பார்க்க ஜோசியரைக் கேட்க வேண்டாம். தண்ணீரில் போடுங்கள். புதிது அடியில் படுத்துக்கொள்ளும்; நாள்பட்டது தலையைத் தூக்கும்; மிதந்தால் எறிந்துவிடுங்கள். உள்ளே நாளாக நாளாகக் காற்று சேருகிறது, அதுதான் காரணம்.

முட்டையை நான் சஞ்சீவி மூலிகை என்று சொல்ல வரவில்லை. 50 கிராம் முட்டையில் சுமார் 6 கிராம் புரதம். ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு வேண்டியது ஏறக்குறைய 23 கிராம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஆக ஒரு முட்டையில் கால் பங்கு வந்துவிடுகிறது. ஏ, டி, பி12 வைட்டமின்களும் இருக்கின்றன. சி வைட்டமின் இல்லவே இல்லை. அதற்கு நெல்லிக்காயோ கொய்யாவோ வேண்டும். சோகைக்கு முட்டை மாத்திரம் போதாது. கீரை, ஈரல், ஆஸ்பத்திரியில் கொடுக்கும் இரும்பு மாத்திரை எல்லாம் வேண்டும். கொழுப்பு என்று வெகுகாலம் பயமுறுத்தினார்கள். அமெரிக்காவில் கூட 2015 இல் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் கொலஸ்ட்ரால் என்ற வரம்பை எடுத்துவிட்டார்கள். சர்க்கரை, இருதய வியாதி உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளட்டும். நான் சொல்லுவது இவ்வளவுதான்: ஒரு கிளாஸ் சாயாவுக்குக் கொடுக்கிற காசுக்குள் இவ்வளவு சத்து வேறெதிலும் சுலபமாய்க் கிடைக்காது.

இப்படிப்பட்ட முட்டையை நாம் என்ன செய்கிறோம்? பிள்ளை சோர்ந்து கிடந்தால் கண் பட்டுவிட்டது என்று மூன்று தரம் தலையைச் சுற்றி, முச்சந்தியில் கொண்டுபோய் உடைக்கிறோம். அந்தப் பிள்ளை சோர்ந்து கிடந்ததே முட்டை மாதிரி ஏதாவது வயிற்றுக்குள் போகாததினால்தானே! சுற்றிய முட்டையை அவித்து வாயில் கொடுத்திருந்தால் கண் திருஷ்டி கட்டாயம் போயிருக்கும். முச்சந்தி நாய்க்கு மாத்திரம் இந்த ஊரில் திருஷ்டியே கிடையாது, கவனித்தீர்களா? செய்வினைக்காரன் முட்டையை வைத்து மாயம் காட்டினால் நடுங்காதீர்கள். கடையில் வினிகர் வாங்கி முட்டையை இரண்டு நாள் ஊறப்போடுங்கள். ஓடு கரைந்து முட்டை ரப்பர் போல் வளையும். குறுகலான வாயுள்ள செம்புக்குள் கூட மெதுவாக இறக்கலாம். ஓடு சுண்ணாம்புச் சத்து, புளிப்பில் கரைகிறது, வேறொன்றும் இல்லை. வீரமாமுனிவர் எழுதிய பரமார்த்த குரு கதையில் சீடர்கள் பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று நம்பி வாங்கி வருகிறார்கள். அதைப் படித்துச் சிரிக்கிற நாம் முச்சந்தியில் என்ன செய்துகொண்டிருக்கிறோம்?

வீட்டை விட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வருவோம். 1920 இல் நீதிக்கட்சியின் தியாகராயர் சென்னை நகரசபையில் தீர்மானம் செய்து, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் பிள்ளை ஒன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாமல் பகல் உணவு போட்டார். 1956 இல் காமராசர் ராஜ்யம் முழுதும் போட்டார். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவாக்கினார். ஆனால் முட்டை வந்தது 1989 இல், கலைஞர் ஆட்சியில்; அதுவும் இரண்டு வாரத்துக்கு ஒன்று. 1998 இல் வாரம் ஒன்று. 2006 இல் இரண்டு, 2007 இல் மூன்று, 2010 இல் ஐந்து. சோற்றிலிருந்து முட்டைக்குப் போக 69 வருஷம், ஒரு முட்டையிலிருந்து ஐந்துக்குப் போக இன்னும் 21 வருஷம் ஆயிற்று! முட்டை வேண்டாம் என்கிற பிள்ளைக்கு வாழைப்பழம் கொடுக்கிறார்கள். யாரையும் வாயைத் திறந்து திணிக்கவில்லை. 2022 செப்டம்பரில் ஆரம்பித்த காலை உணவில் முட்டை இல்லை. அதையும் கேட்க வேண்டியவர்கள் நாம்தான்.

வெளி ராஜ்யங்களைப் பாருங்கள். மத்தியப் பிரதேசத்தில் 2015 இல் அங்கன்வாடிக் குழந்தைகளுக்கு முட்டை கொடுக்கலாம் என்ற யோசனையை முதல் மந்திரியே தள்ளிவிட்டார். அந்தக் குழந்தைகளோ முட்டை தின்று பழகிய பழங்குடிப் பிள்ளைகள். கர்நாடகத்தில் 2021 டிசம்பரில் பள்ளியில் முட்டை போட ஆரம்பித்ததும் மடாதிபதிகள் சிலர் கிளர்ச்சி செய்தார்கள். அப்போது கொப்பள் மாவட்டம் கங்காவதியில் ஒரு பள்ளிக்கூடப் பெண், எங்களுக்கு முட்டை இல்லை என்றால் உங்கள் மடத்துக்கே வந்து உட்கார்ந்து தின்போம் என்கிற பொருள்பட நன்றாகக் கேட்டாள். நூறு சொற்பொழிவு செய்யும் வேலையை அந்தப் பெண் ஒரு நிமிஷத்தில் செய்தாள்.

"உயிர்க்கொலை ஆகாதே" என்பார்கள். நாமக்கல் பண்ணையில் கூண்டுக் கோழி சேவலைக் கண்ணால் கூடப் பார்ப்பதில்லை. அது இடும் முட்டை எத்தனை நாள் அடைவைத்தாலும் குஞ்சாகாது. இதை நான் சொன்னால் நாத்திகன் பேச்சென்று தள்ளுவார்கள். காந்தியார் 1942 இல் ஆகாகான் மாளிகைக் காவலில் இருந்தபோது ஆரோக்கியத்தைப் பற்றி எழுதியதிலேயே இதைச் சொல்லி, பால் குடிக்கிறவர் இப்படிப்பட்ட முட்டையை ஆட்சேபிக்க இடமில்லை என்று முடித்துவிட்டார். கன்றுக்குட்டியைக் கயிற்றால் இழுத்துக் கட்டிவிட்டுப் பாலைக் கறக்கிறவருக்கு, யாருக்கும் பிறக்கப்போகாத முட்டையில் ஜீவகாருண்யம் பொங்குகிறது! கூண்டில் கோழி படும் பாட்டைச் சொல்லி ஒருவர் ஆட்சேபித்தால் அதைக் காதுகொடுத்துக் கேட்பேன். அது ஞாயமான கேள்வி. தீட்டென்று சொன்னால் கேட்கமாட்டேன்.

ஏனென்றால் இந்தத் தீட்டு முட்டையோடு நிற்பதில்லை. இதே நெல்லைச் சீமையில் சேரன்மாதேவி குருகுலத்தில், பொதுப்பணத்தில் நடந்த இடத்தில், பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிச் சாப்பாடு போட்டதால் 1924, 25 இல் நாடே கொந்தளித்தது. அது பழங்கதை என்பீர்கள். 2022 செப்டம்பரில் இந்தத் தென்காசி மாவட்டத்தில், சங்கரன்கோவில் வட்டாரத்தில், பாஞ்சாகுளத்தில் என்ன நடந்தது? தின்பண்டம் வாங்கக் காசோடு வந்த தாழ்த்தப்பட்ட பிள்ளைகளை, ஊர்க் கட்டுப்பாடு, இனிமேல் உங்களுக்குத் தரமாட்டோம், வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்று ஒரு கடைக்காரர் திருப்பி அனுப்பினார். அதைப் படம் பிடித்தும் பரப்பினார்கள். பிறகு வழக்கு, கைது, கடைக்குப் பூட்டு. அந்தப் பிள்ளைகள், "ஏன் தரமாட்டீங்க? கட்டுப்பாடுன்னா என்ன?" என்பதுபோல் முழித்துக்கொண்டு நின்றார்கள். பிள்ளைகளுக்கு இது இயற்கையாகத் தெரிவதில்லை, தோழர்களே. யாராவது சொல்லிக்கொடுத்தால்தான் தெரிகிறது. வீட்டில் "இன்னைக்கு முட்டை தொடாதே, தீட்டு" என்று முதல் பாடம். "அவன் வீட்டில் சாப்பிடாதே" என்பது இரண்டாம் பாடம்.

நேரமாகிவிட்டது. பீடி சுற்ற வேண்டிய தாய்மார்களை நிறுத்தி வைத்திருக்கிறேன். ஒரு அறிவிப்பு மாத்திரம். தோழர்கள் கொட்டகைக்குப் பின்னால் அண்டாவில் முட்டை அவித்து வைத்திருக்கிறார்கள். உப்பும் மிளகுத்தூளும் இருக்கின்றது. இன்று வெள்ளிக்கிழமை என்பதை விசாரித்துத்தான் நாள் குறித்தோம். வேண்டாதவர்களுக்கு வாழைப்பழம் உண்டு. பெண்களும் பெண்குழந்தைகளும் முதலில் வாங்கிக்கொள்ளட்டும்; ஆளுக்கு ஒன்று, முழுசாக. ஆண்கள் தயவுசெய்து அதுவரை உட்கார்ந்திருங்கள்.